பாய்: பெரியது மூன்று, சின்னது இரண்டு

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நாள் அடுக்குமாடிகளில் மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்காது. சிங்கப்பூரில், டேக்காவில் எங்கள் வீடு பத்தாவது மாடி. மின்தூக்கி எட்டில் நிற்கும். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே பன்னிரண்டுக்குப் போய்விடும். எட்டிலிருந்து இரண்டு மாடி ஏறலாம், அல்லது பன்னிரண்டிலிருந்து இரண்டு மாடி இறங்கலாம். அரிசி மூட்டை, குளிர்பெட்டி, தீபாவளி விருந்தாளிகள் எல்லாம் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தன. ஒரு கப்பலும் அப்படித்தான் வந்தது. ஏறி வரும்போது அது வெறும் அட்டைப்பெட்டி. இறங்கிப் போகும்போது அதற்கு மூன்று பாய்மரங்கள் இருந்தன.

பெட்டியைத் தூக்கி வந்தவள் சித்தி, அம்மாவின் தங்கை; எங்களோடுதான் இருந்தாள். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்தொன்பது. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் நகல் எடுக்கும் அறையில் வேலை. வரைவாளர்கள் வரைந்து தரும் படங்களை ஓர் இயந்திரத்தில் செலுத்துவாள்; அது அமோனியா வாடையோடு நீல நகல்களைத் துப்பும். அவள் கதவைத் தட்டும் முன்பே அந்த வாடை வந்து தட்டும். அம்மா அவள் துணிகளைத் தனி வாளியில் ஊறவைப்பாள். எனக்கோ அது பிடிக்கும். இன்றைக்கும் முடிதிருத்தகத்தில் என் நரைக்குச் சாயம் கலக்கும் பெண் குப்பியைத் திறந்து அதே வாடை வந்ததும், கண்ணாடியில் எனக்குப் பின்னால் சித்தி வந்து நிற்கிறாள், நனைந்த குடையோடு.

எட்டு வருஷமாக மற்றவர்கள் வரைந்ததை நகலெடுத்தவளுக்குத் தானே வரைய வேண்டும் என்று ஆசை. பள்ளி விடுமுறையும் மழையும் சேர்ந்து வரும் அந்த நவம்பரில், வரைவறைத் தலைவரிடம் போய்க் கேட்டேவிட்டாள். அவர் ஒரு சீனர், அதிகம் பேசாதவர். அலமாரி மேலிருந்து அந்தப் பெட்டியை இறக்கிக் கையில் கொடுத்தாராம்.

“கட்டி முடிச்சுக் கொண்டான்னாரு,” என்றாள் சித்தி, சாப்பாட்டு மேசையில். “வருஷக் கடைசிச் சனிக்கிழமைக்குள்ள. ஜனவரில ஒரு பயிற்சி மேசை காலியாகுது, அப்பப் பாக்கலாம்னாரு.”

அப்பா மூடியிலிருந்த படத்தைப் பார்த்தார். வெள்ளைத் துணிகள் புடைக்க ஒரு பழங்காலக் கப்பல். “விளையாட்டுச் சாமான் மாதிரில்ல இருக்கு.”

“கப்பல் அத்தான்.”

“அவங்க ஆபீஸ்ல யாரும் கட்டலையா?”

“மூணு பேரு ஆரம்பிச்சு விட்டுட்டாங்களாம்.”

“மூணு ஆம்பிளைங்க விட்டத உன் தலையில கட்டிட்டான். நீயும் தூக்கிட்டு வந்துட்ட.”

“அவங்க விட்டதாலதான் எனக்குக் கெடைச்சிச்சு,” என்று சித்தி ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் வாசனையைத்தான் சொல்வேன். புதிதாகச் சீவிய பென்சில்கள் ஆயிரம் ஒன்றாகப் படுத்திருந்த வாசனை. ஈர்க்குச்சி போல மெலிந்த மரப்பட்டைகள், கடுகளவு பித்தளை ஆணிகள், பழுப்பு நூல்கண்டுகள், கப்பலின் விலாச் சட்டங்களை வெட்டிக்கொள்ள எண் அச்சடித்த மெல்லிய பலகைகள். பாய்களுக்கென்று வந்த துணியை மட்டும் முன்னவர்களில் யாரோ மூக்குக்கண்ணாடி துடைக்கப் பயன்படுத்திக் கந்தலாக்கியிருந்தார். செய்முறைப் புத்தகம் எங்களில் யாருக்கும் தெரியாத ஏதோ ஐரோப்பிய மொழியில் இருந்தது. ஒரு பெரிய வரைபடம் மட்டும் எல்லோருக்கும் பொதுவான மொழியில், அதாவது கோடுகளில்.

அப்போது சித்தி செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. நூலகத்துக்குப் போய்த் தடித்த தமிழ் அகராதி ஒன்றை எடுத்து, கப்பலின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் தேடிச் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதிக்கொண்டு வந்தாள். முன்பக்கம் அணியம். பின்பக்கம் அமரம். பேர் தெரியாத சாமானைக் கையில் பிடிக்க முடியாது என்பாள். பட்டறையில் ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு நகலெடுத்தவை எல்லாம் மற்றவர்களுடைய கப்பல்களாம். இது தன்னுடையதாம்.

சீட்டுகளை வரைபடத்தில் ஒட்டும் வேலை எனக்கு. ‘பாய்மரம்’ என்ற சீட்டை நட்டநடுக் கம்பத்தில் ஒட்டியது நான்தான். எங்கள் வீட்டுக் கோரைப்பாய் காலையில் சுருண்டு சுவரோரம் சாய்ந்து நிற்கும். கப்பலில் அதைச் சாய்த்து வைக்க ஒரு மரம் போலும் என்று எண்ணிக்கொண்டு, கேள்வி கேட்காமல் ஒட்டினேன். அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மரப்பட்டைகள் வளைய வேண்டும். வளைக்க ஆவி வேண்டும். இட்லிப் பானையைச் சித்தி எடுத்துக்கொண்டாள். வளைந்த பட்டையை விலாச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கக் கவ்விகள் வேண்டும். துணிக் கவ்விகளை எடுத்துக்கொண்டாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழிகள் வெறுமனே மழையில் நீட்டி நின்றன. துணிகள் வீட்டுக்குள் நாற்காலி முதுகில் காய்ந்தன.

“இட்லில மர வாசம் அடிக்குது,” என்பாள் அம்மா.

“கப்பல்ல இட்லி வாசம் அடிக்குதுக்கா. அது பரவால்லையா?”

“உங்க ஆபீசர் மோந்து பாப்பாரு. பசிச்சா ஒடனே மேசை குடுத்துருவாரு.”

ஒரு பக்கம் முழுக்கப் பட்டைகள் ஒட்டி முடிந்த சாயங்காலம், சித்தி கப்பலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை அணியத்திலிருந்து அமரம் வரைக்கும் மெதுவாக ஓட்டினாள். பாதி வழியில் விரல் நின்றது. திரும்ப ஓட்டினாள். அங்கேயே நின்றது.

“பாப்பா, இங்க வா. கண்ண மூடு. கையக் குடு.”

என் விரலிலும் பட்டது. முதலில் ஒரு சின்ன மேடு, அடுத்து ஒரு சின்னப் பள்ளம். கண்ணால் பார்த்தால் தெரியாது. கண்ணை மூடினால் மலை.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வரைபடத்தைத் தரையில் விரித்து, மண்டியிட்டு, அடிக்கோலால் ஒவ்வொரு விலாவையும் அளந்தாள். கடைசியில் நிமிர்ந்து சிரித்தாள். பலகையில் அச்சடித்த எண்கள் இரண்டு இடம் மாறியிருந்தன. ஐந்தாவது என்று அச்சடித்தது ஆறாவது. ஆறாவது என்று அச்சடித்தது ஐந்தாவது. பெட்டியே பொய் சொல்லியிருந்தது. சுடுநீர்த் துணி வைத்து ஒட்டிய பட்டைகளை எல்லாம் ஒவ்வொன்றாக உரித்தாள். மூன்று வார வேலை. அவை ஈரமாக, வளைந்தபடியே, செய்தித்தாள் மேல் மீன் முட்கள் போலக் கிடந்தன. அம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள்.

எனக்கோ அன்றிலிருந்து ஒரு தெளிவு. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, சித்தி சொல்வதே சரி.

கடைசி வாரம் பட்டறையில் அவசர வேலை வந்து, சித்தி விடிவதற்குள் போய்விட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை குளிர்பெட்டி மேல் ஒரு குறிப்பு இருந்தது. “பாய்: பெரியது மூன்று, சின்னது இரண்டு. காகித அளவுப்படி வெட்டி, குறுக்குக் கட்டைகளில் ஒட்டி வை. உன்னால் முடியும்.” அதோடு அழகாக வெட்டிய ஐந்து காகித வடிவங்கள். மறுநாள் கப்பல் போக வேண்டும்.

படத்தில் இருந்தவை வெள்ளைத் துணிகள். அவற்றுக்கு என்னிடம் பள்ளிக்கூடம் கொடுத்த ஓர் ஆங்கிலச் சொல் ஏற்கெனவே இருந்தது: செயில். தமிழில் அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சித்தி பாய் என்று எழுதியிருக்கிறாள். படம் துணி என்கிறது. படம்தான் தப்பு.

கீழே, தரைத்தளக் கடைகளின் வரிசையில், எல்லோரும் ‘பாய்’ என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் இருந்தார். துடைப்பம், தாம்பாளம், பாய், தலையணை எல்லாம் விற்பார்.

“பாய், பாய் வேணும்.”

“எத்தன பேரு படுக்க?”

“படுக்க இல்ல. கப்பலுக்கு.”

“கப்பல்ல ஏறிப் படுக்கவா?”

“இல்ல பாய், கப்பல்ல ஒட்ட.”

அவர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “எங்க பாட்டன் கப்பல்லதான் வந்தாரு. அதுல எதுல பாய் ஒட்டினாங்கன்னு கேட்டு வெச்சுக்கல பாப்பா. நா ஃபிளைட்ல வந்தவன்.” ஆனாலும் எழுந்து போனார். மழையில் ஓரம் நனைந்து வீணான ஒரு கல்யாணப் பாயை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். பட்டு போல மெல்லிய கோரை, கரும்பச்சைக் கரை. நல்ல பகுதியாகப் பார்த்து வெட்டிச் சுருட்டிக் கொடுத்தார். “கோணலா வெட்டினா பிரிஞ்சுரும். ஓரத்துல பசை தடவிட்டு வெட்டு, என்னா.”

அப்படியே செய்தேன். பச்சைக் கரை ஐந்திலும் அடியில் வரும்படி வைத்து வெட்டினேன். குறுக்குக் கட்டைகளில் ஒட்டிக் காயவிட்டுப் பார்த்தபோது, என் கைகள் எனக்கே அந்நியமாக, பெரியவர்களுடையதாகத் தெரிந்தன.

சித்தி ஏழு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். நேரே தையல் இழுப்பறைக்குப் போனாள். அங்கே வெள்ளைப் பருத்தித் துணி, தேய்த்து மடித்து, காத்துக்கொண்டிருந்தது. நான் அந்த இழுப்பறையைத் திறக்கவே இல்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாதான் முதலில் பேசினாள்.

“என்னடி பண்ணி வெச்சிருக்க?”

“பாய்னுதான் எழுதியிருந்திச்சு,” என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பாயைத் தொட்டுப் பார்த்தார். “பிய்ச்சா கட்டை ஒடியும். நல்லாப் பிடிச்சிருச்சு. நாளைக்குக் கொண்டு போகாத. அவனுங்க சிரிப்பானுங்க.”

“அத்தான்.”

“சொல்றதக் கேளு. சிரிப்பானுங்க.”

அப்பாவுக்குக் கப்பல் பிடிக்காது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல் என்று அப்பா ஒருமுறை இரவல் டையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் பேசிய ஆங்கிலத்துக்கு அறையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறாமல் பாதி வழி நடந்தே வந்திருக்கிறார். அவர் தடுத்தது கப்பலை அல்ல.

சித்தி தன் குறிப்பை எடுத்து, அதை முதல் தடவை பார்ப்பவள் போலப் படித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தப்பு உன்னுது இல்ல. எழுதினது நானு. எதுல செய்யணும்னு எழுதல.” துணியை மறுபடி மடித்து இழுப்பறையில் வைத்தாள். “நாளைக்கு நீயும் வா. பெட்டியப் பிடிச்சுக்க ஆள் வேணும்.”

மறுநாள் காலை எழுந்தபோது கூடத்தில் ஒரு மரப்பெட்டி தயாராக இருந்தது. அப்பா செய்தது. சரக்குப் பிரிவிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த பஞ்சுத் துண்டுகளை உள்ளே அடுக்கி, கப்பலின் வயிற்றுக்குக் கீழே அரைவட்டமாகத் தொட்டில் வெட்டி, நாடா போட்டு இறுக்கியிருந்தார். வெளியே இரண்டு அம்புக்குறிகள், ஒரு கண்ணாடிக் கோப்பைப் படம்: உடையும் பொருள். பாய்மரங்கள் பெட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. எட்டாவது மாடி வரை அதை அவரே தூக்கினார், பின்னோக்கி, ஒவ்வொரு படியையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு. மின்தூக்கிக்குள் ஒரு சீனப் பாட்டி பாய்மரங்களுக்கு இடம்விட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். கம்பெனி பஸ் வந்ததும் அப்பா சித்தியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“சிரிச்சானுங்கன்னா திரும்பக் கட்டிட்டு வந்துரு. ஒண்ணும் பேச வேணாம். சரியா?”

நான் கப்பலுக்குக் குடை பிடித்தேன்.

வரைவறை நான் பார்த்த எந்த அறையையும் விட வெளிச்சமாக இருந்தது. சாய்வு மேசைகள், நெடுநெடுவென விளக்குகள், சட்டைப் பையில் பென்சில் செருகிய ஆண்கள். பேச்சு, ‘லா’ போட்டு முடியும் எங்கள் ஊர் ஆங்கிலத்தில்தான் நடந்தது; எனக்குள் அது இப்போது தமிழில்தான் ஓடுகிறது. சித்தி நாடாவை அவிழ்த்துக் கப்பலை மேசைமேல் வைத்தாள்.

முதலில் சிரித்தவர், அதைத் தொடங்கிக் கைவிட்ட மூவரில் ஒருவர். “பாய் போட்ட கப்பலா லா. எங்க போகும் இது, கட்டிலுக்கா?”

அறையே சிரித்தது. சித்தியின் கை பெட்டியின் நாடாமேல் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நாடாவை எடுக்கவில்லை. நாடாவை விட்டு விலகி, வந்து என் தோளில் உட்கார்ந்தது.

“எங்க மொழில ரெண்டுக்கும் ஒரே பேரு, சார்,” என்றாள் தலைவரிடம். “படுக்குறதுக்கும் பாய்தான், இதுக்கும் பாய்தான். இவ சரியாத்தான் செஞ்சா. எதுல செய்யணும்னு நான்தான் எழுதல.”

தலைவர் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பலைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“எதில் செய்வது என்று எழுதாத படத்தை என் மேசைக்குக் கொண்டு வராதே,” என்றார். பிறகு, வேறு யாரிடமோ சொல்வது போல, “என் தாத்தா படகிலும் பாய்தான். கோரை இல்லை, வேறு ஏதோ புல்,” என்றார்.

அதற்கப்புறம் அவர் செய்தது எனக்குப் புரியவில்லை. கப்பலைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பாயைப் பார்த்ததும் மனிதருக்குத் தூக்கம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன், சத்தியமாக. சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, கப்பலை வைத்துவிட்டு, “ஜனவரி. ஜன்னல் பக்கத்து மேசை,” என்று சொல்லித் தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்த மேசையில் தொடங்கிய சித்தி முப்பது வருஷத்துக்கு மேல் வரைந்தாள். கடைசிப் பத்து வருஷம் அந்த அறையின் தலைவி அவள்தான். நானோ, என் பாய்தான் அவளுக்கு அந்த மேசையை வாங்கிக் கொடுத்தது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கல்லூரியில் சொன்னேன், ஒரு கவிதையில்கூட எழுதிவிட்டேன். ஒரு பிழை எப்படி வாசலாகும் என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல கதை கிடைக்கவில்லை.

போன மாதம் டேக்கா சந்தை உணவங்காடியில், வெங்காய வாடையும் எண்ணெய்ப் புகையும் நடுவே, சித்தியும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் முன்னால் எப்போதும் போல பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், அதாவது தே ஓ கொசோங். எதையோ பேசிக்கொண்டிருக்கையில் நான் மறுபடி அந்தக் கதையை எடுத்தேன்.

“உன் பாயாலயா?” என்றாள் சித்தி. “யாரு சொன்னா?”

“அவரு தாத்தா படகப் பத்திச் சொன்னாரே.”

“அது பிள்ள அழுதுருவான்னு ஒரு மரியாதைக்குச் சொன்னது லா. அவரு கண்ண மூடினாரே, பாத்தியா?”

“தூக்கம் வந்துச்சுன்னு நெனச்சேன்.”

சித்தி குவளையை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. “கட்டை விரல ஓட்டிப் பாத்தாருடி. அஞ்சாவது ஆறாவது விலாகிட்ட. எண்ணு மாறியிருக்குன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தாரு, பின்னாலதான் எங்கிட்ட சொன்னாரு. அந்த மூணு பேரும் பலகைய வரைபடத்தோட வெச்சு அளந்து பாத்திருந்தா அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அதான் பரீட்சை. பாயி இல்ல.”

நாற்பது வருஷம் நான் பார்த்துக்கொண்டே இருந்து பார்க்காமல் விட்ட விரல். என் கவிதை அப்படியே மேசைமேல் சரிந்தது. எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெட்டி எண்ணையும் நம்பாமல், தன் கண்ணையும் நம்பாமல், விரலை நம்பி மூன்று வார வேலையை உரித்துப் போட்டவளுக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். அதைவிடப் பெரிய கதை என்னிடம் இருந்தது; எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

“அப்ப என் பாய் ஒண்ணுத்துக்கும் ஆகலையா?”

“ஏன் ஆகல? அப்புறம் நா வரைஞ்ச ஒவ்வொரு படத்துலயும் பேருக்குப் பக்கத்துல எதுல செய்யணும்னு எழுதினேன். ஒண்ணு விடாம. பையனுங்க கிண்டல் பண்ணுவானுங்க, மேடம் தண்ணின்னு எழுதினாக்கூட ‘ஈரமானது’ன்னு போடுவாங்கன்னு.”

கப்பல் இப்போது இல்லை. வரைவறைக் கண்ணாடி அலமாரியில் வெகுநாள் இருந்தது. வெள்ளைத் துணிக்கு மாற்றிவிடலாமா என்று யாரோ கேட்டபோது சித்தி கூடாது என்றுவிட்டாளாம். பட்டறை இடம் மாறியபோது அலமாரி போய்ச் சேர்ந்தது, கப்பல் சேரவில்லை. அப்பாவும் இல்லை. அவர் செய்த மரப்பெட்டியில் அம்மா இப்போது வெங்காயம் வைத்திருக்கிறாள். கண்ணாடிக் கோப்பைப் படம் இன்னும் அழியவில்லை.

இதை எழுத உட்கார்ந்தது இன்று காலை, சித்தியிடமிருந்து வந்த ஒரு குறுஞ்செய்தியால். ஓய்வுபெற்று வீட்டிலிருப்பவள், தன் பிள்ளைகளுக்குத் தெரியாமல் எங்கேயோ ஒரு கப்பல் பெட்டி வாங்கி, இட்லிப் பானையையும் கைப்பற்றியிருக்கிறாள் போலிருக்கிறது. செய்தியில் அவள் வழக்கப்படி ஒன்றும் விடுபடவில்லை:

“ஞாயிறு வா. கிழமை. வரும்போது பாய் வாங்கி வா. கோரை. மெல்லியது. பச்சைக் கரை. கப்பலுக்கு.”